மயிலுக்குக் குளிரும் என்று தெரிந்தவன்

எங்கள் வீட்டுச் சரித்திர நாவல்களுக்குப் பூண்டு வாசனை. பூம்பாறைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், மலைப்பூண்டைக் கத்தை கத்தையாகக் கட்டி அடுப்புக்கு மேலே புகை படுகிற மாதிரி பரணில் தொங்கவிடுவோம், மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். அதே பரணின் ஓரத்தில் ஒரு தகரப்பெட்டி. அம்மா கல்யாணமாகி நிலக்கோட்டையிலிருந்து மலையேறி வந்தபோது கொண்டுவந்த பைண்டு புத்தகங்கள் அதற்குள் இருந்தன. வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடரைத் தாத்தா கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு, முதுகில் மையால் பெயர் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பின்பக்கம் தலைவலித் தைல விளம்பரமோ பாதியில் அறுந்த சிரிப்புத் துணுக்கோ இருக்கும். மழைக்காலத்தில் தாள் நமுத்துப் போகும், வெயில் எட்டிப் பார்த்த அன்றைக்கு முற்றத்தில் பூண்டோடு சேர்த்து அதையும் காயப்போடுவோம். ஆடு வந்து வாய் வைக்காமல் காவல் இருக்கச் சொல்லி என்னை உட்கார வைப்பார்கள். பொன்னியின் செல்வனை நான் முதலில் படித்தது அந்த முற்றத்தில்தான், பத்து வயதில், பக்கங்களை வெயிலுக்குத் திருப்பிப் போடுகிற சாக்கில்.

அன்றிலிருந்து கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருடமாக நான் அதிகம் படித்தது சரித்திரக் காதல் கதைகளைத்தான். சமூக நாவலும் படிப்பேன், மொழிபெயர்ப்பும் படிப்பேன், ஆனால் மனசு சோர்ந்த நாளில் கை தானாகப் போவது ராஜா ராணி கதைக்கு. கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். வந்து தங்குகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் ஆங்கிலப் புத்தகங்களில் பாதி இந்த ரகம்தான், இங்கிலாந்து டியூக்குகளின் காதல். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையும் ஒன்று விடாமல் படித்தேன். சோழநாட்டு வீரனையும் லண்டன் டியூக்கையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றிப் படித்தவள் என்பதால் இந்தக் கதாநாயகர்களைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று பல வருடமாக இருக்கிறது.

முதலில் குதிரை. மலைப்பாதையில் இரவோடு இரவாகக் குதிரையை விரட்டிக்கொண்டு போகாத சரித்திரக் கதாநாயகனை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரும், அதிகம் ஏற்ற இறக்கம் இல்லாத தார் ரோடு. மார்கழிக் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓடி வந்த குதிரையின் உடம்பிலிருந்து ஆவி பறக்கும். குதிரைக்காரர் இறங்கச் சொல்லிவிட்டு ஒரு சாக்கை எடுத்து அதன் முதுகில் போர்த்துவார், கொஞ்ச தூரம் சும்மா நடத்திக் கூட்டிப்போய் ஆறவிடுவார், அப்புறம்தான் மற்றதெல்லாம். நாவலில் எந்த வீரனும் குதிரையை ஆறவிட்டு நான் படித்ததில்லை. கடிவாளத்தை யாரோ ஒரு சேவகனிடம் வீசிவிட்டு நேராக இளவரசியின் நந்தவனத்துக்குள் போய்விடுகிறான். மூடுபனியில் வழி தெரியாமல் பாறையடியில் விடியும்வரை ஒடுங்கி உட்கார்ந்தவனும் கிடையாது, அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தமாக வந்தவனும் கிடையாது. சின்ன விஷயம்தான். ஆனால் தன்னைச் சுமந்து வந்த உயிருக்கு மூச்சு வாங்குவது தெரியாத ஒருவன், அடுத்த அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்தே அவள் மனசைப் படித்துவிடுகிறான் என்று எழுதினால் எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

மற்றபடி சுரங்கப்பாதை, முத்திரை மோதிரம், மாற்றி வைக்கப்பட்ட ஓலை, அத்தியாயத்தின் கடைசி வரியில் தோளில் விழும் ஒரு முரட்டுக் கை, இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த வாரம்வரை வாசகரைப் பிடித்து வைக்க வேண்டிய கதைக்கு இது தேவை. ராஜா மாறுவேடத்தில் வருவது மட்டும் காதில் பூச்சுற்றுகிற வேலை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புறநானூற்றில் நள்ளியைப் பற்றி வன்பரணர் பாடிய பாட்டு ஒன்று உண்டு. புலவரும் அவர் சுற்றமும் நடந்து களைத்துப்போய்க் காட்டில் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேட்டைக்கு வந்த ஒருவன் அந்தப் பக்கம் வருகிறான், எழுந்திருக்கப் போனவர்களைக் கையமர்த்தி உட்கார வைக்கிறான், கூட வந்த ஆட்கள் வந்து சேர்வதற்குள் தானே தீ மூட்டிக் கறி சுட்டுக் கொடுக்கிறான். சாப்பிட்டு அருவித் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது தன் மார்பில் கிடந்த ஆரத்தையும் கையில் போட்டிருந்த கடகத்தையும் கழற்றித் தருகிறான். எந்த நாடு என்று கேட்டால் சொல்லவில்லை, யார் என்று கேட்டால் பேரும் சொல்லவில்லை. வழியில் மற்றவர்கள் சொல்லித்தான் அது மலைநாட்டுத் தலைவன் நள்ளி என்று தெரிகிறது. இதைவிட நல்ல மாறுவேடக் காட்சியை எந்த நாவலிலும் நான் படித்ததில்லை. பசித்தவர்களைப் பார்த்ததும் அடுப்பு மூட்டிய கதாநாயகன் அவன்.

மயங்கி விழும் இளவரசியைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து வயதில் படித்தபோது பொன்னியின் செல்வனில் வரும் வானதி மயங்கி விழும்போதெல்லாம் எனக்கும் சேர்ந்து நெஞ்சு அடைக்கும். இப்போது கொஞ்சம் எரிச்சல் வருகிறது, ஆனாலும் அவளைத் தாங்குவதற்குப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பது அவள் தோழியான சோழ இளவரசி குந்தவைதான் என்பதை இரண்டாவது மூன்றாவது வாசிப்பில்தான் கவனித்தேன். அதிலிருந்து குந்தவை மேல் மரியாதை கூடிவிட்டது.

அதே நாவலின் கதாநாயகன் வந்தியத்தேவனுக்கு வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜனின் தமக்கை குந்தவையைக் குறிப்பிடும்போது, வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று ஒரு தொடர் வருகிறது. குந்தவையின் கணவர் என்று அந்த இடத்தில் வந்துபோகிற மனிதரைத்தான் கல்கி எடுத்து, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் ஏற்றிவிட்டார், 1950-இல் தொடங்கிய அந்தக் குதிரை 1954 வரைக்கும் ஓடியது. மனைவியின் பேரைச் சொல்லும் கல்வெட்டிலிருந்து கிளம்பி வந்த கதாநாயகன் என்பதே எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அவனுக்கு நாடு கிடையாது, பொய் சொல்லி மாட்டிக்கொள்வான், வாயாடுவான், பசிக்கும், பயப்படுவான், தப்புக் கணக்குப் போடுவான். பின்னாளில் ராஜராஜனாகும் இளவரசர் அருள்மொழி எதிலும் சறுக்காதவர், பார்த்தால் கும்பிடத் தோன்றும். வந்தியத்தேவன் அப்படி இல்லை, கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம் போல இருப்பான். பயப்படத் தெரிந்தவனாக இருப்பதால் அடுத்தவரின் பயமும் அவனுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது என்று நினைக்கிறேன். அவனை ஒருதலையாகக் காதலிக்கும் மணிமேகலை விஷயத்தில் மட்டும் நான் அவனோடு இன்னும் சமாதானமாகவில்லை. அந்தப் பெண் அவனுக்காகக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள முன்வருகிறாள், சித்தம் கலங்கிப்போகிறாள், கடைசியில் அவன் மடியில் உயிர் போகிறது. அவள் போன பிறகு அவன் அவளை நினைத்து உருகுவது எனக்குப் போதவில்லை. அவள் உயிரோடு எதிரில் நின்ற இத்தனை அத்தியாயங்களில் ஒரு நாளாவது உட்கார வைத்து, தாயே, என் மனசு வேறு இடத்தில் இருக்கிறது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஒருதலைக் காதலில் விழுந்த பெண்ணைச் சாகடித்து முடிப்பது நம் சரித்திர நாவல்களில் ரொம்பப் பழகிப்போன வழி. அவள் காதலித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்ட அவள் பிணமாகத்தான் வேண்டுமா?

அப்புறம் சாண்டில்யன். என் வயதுப் பெண்கள் பலர் அவரைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துத்தான் படித்திருப்போம். கடலையும் கப்பலையும் அவர் எழுதியதைப் படித்துத்தான், பிறந்து பதினைந்து வருடம்வரை கடலே பார்க்காத நான் பாய்மரம் காற்றில் எப்படித் திரும்பும் என்று தெரிந்துகொண்டேன். கலிங்கத்துப் பரணியில் படைத்தலைவனாக வரும் கருணாகரத் தொண்டைமானை இளையபல்லவனாக்கிக் கடல் புறா நாவலில் கப்பலேற்றிவிட்டது பெரிய கற்பனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு விஷயம் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒன்று, கதாநாயகி உள்ளே வந்ததும் கதை நின்றுவிடும், கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை இரண்டு மூன்று பக்கத்துக்கு அவளை அங்குலம் அங்குலமாக வர்ணித்த பிறகுதான் யாராவது பேசுவார்கள். வர்ணனை இருப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை, காதல் கதையில் உடம்பு இருக்கத்தான் செய்யும். என் வருத்தம் வேறு. இத்தனை நேரம் அவளையே பார்த்த அந்தக் கண்ணுக்கு, அவள் ராத்திரி தூங்கவில்லை என்பதோ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதோ தெரியவே தெரியாது. எனக்கு அம்மை போட்டிருந்தபோது எங்கள் அத்தை வாசல்படியில் நின்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குத் தொண்டை வலிக்குது, கஞ்சியை இன்னும் நீர்க்கக் கரைங்க என்று சொன்னார். பார்ப்பது என்றால் எனக்கு அதுதான்.

இரண்டாவது, இரண்டு கதாநாயகிகள். அந்தக் காலத்து ராஜாக்களுக்குப் பல மனைவிகள், அதனால் இது சரித்திரத்துக்குப் பொருத்தம்தான் என்று சமாதானம் சொல்வார்கள். உண்மைதான், ராஜராஜனுக்கே உலகமகாதேவி, சோழமாதேவி, பஞ்சவன்மாதேவி என்று கல்வெட்டில் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் அதே ராஜராஜன் 1010-இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்துவிட்டுக் கல்லில் என்ன வெட்டச் சொன்னான்? நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் என்று வெட்டச் சொன்னான். இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். தெற்கே இருந்த அத்தனை பேரையும் ஜெயித்த ஒருத்தன், வீட்டில் இருக்கிற பெண்கள் ஒவ்வொருத்தரும் என்ன கொடுத்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறான், அக்காவை அக்கா என்றே கல்லில் சொல்கிறான். நாவலில் வரும் இரண்டு கதாநாயகிகளுக்கு அந்த அளவு மரியாதைகூடக் கிடைப்பதில்லை. முந்நூறு பக்கம் ஒருத்தியை நினைத்து ஒருத்தி வெந்துபோகிறார்கள், கடைசி அத்தியாயத்தில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை என்னால் ஒரு தடவைகூட நம்ப முடிந்ததில்லை.

அம்மாவுக்குக் கல்கி எழுதிய சிவகாமியின் சபதம் என்றால் கோபம். பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் நாலைந்து தடவை படித்தவள் அதை மட்டும் நூலகத்திலிருந்து எடுத்து வந்து ஒரே ஒரு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாளுக்கியரின் தலைநகர் வாதாபியில் சிறைப்பட்ட ஆடற்பெண் சிவகாமி, தான் காதலித்த பல்லவ ராஜா மாமல்லர் அந்த ஊரை எரித்த பிறகுதான் அங்கிருந்து கால் எடுத்து வைப்பேன் என்று சபதம் போடுகிறாள். பல்லவர்கள் வாதாபியைப் பிடித்தது 642-இல் நடந்த நிஜம். நாவலில் ஒன்பது வருடம் கழித்துச் சபதம் நிறைவேறுகிறது, காஞ்சிக்குத் திரும்பி வந்த பிறகு ஊர்வலத்தில் பட்டத்து ராணியையும் பிள்ளைகளையும் அவரோடு பார்த்துத்தான் அவளுக்கு எல்லாம் விளங்குகிறது. அம்மா புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஒன்பது வருசமா யானை சேத்தான், குதிரை சேத்தான், அத்தனை தூரம் படையைக் கூட்டிட்டுப் போனான். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு தாயின்னு ஒரு ஓலை எழுத அவனுக்குக் கை வரலையா?" நான் அப்போது மாமல்லர் பக்கம் பேசினேன், ராஜ்யக் கடமை, அரசியல் திருமணம் என்று. அம்மா பதில் சொல்லாமல் பூண்டு உரிக்கப் போய்விட்டாள். இன்றைக்கு எனக்குத் தோன்றுவது, அந்த நாவலை அவ்வளவு உயரத்தில் நிறுத்துவது கல்கி தன் கதாநாயகனைக் காப்பாற்றாமல் விட்டதுதான். ஊரை எரிக்க முடிந்தவனுக்கு அந்தப் பெண்ணிடம் ஒரு உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை. சிவகாமி கடைசியில் ஏகாம்பரநாதர் சன்னிதியில் ஆடும் இடத்தை நான் இதுவரை சத்தம் போட்டுப் படித்ததில்லை, தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இனி டியூக்குகள். இந்தக் கதைகளில் பெரும்பாலானவை நடப்பது 1811-இலிருந்து 1820-க்குள், மூன்றாம் ஜார்ஜ் ராஜாவுக்குச் சித்தம் கலங்கி அவர் மகன் அவருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய ஒன்பது வருடத்தில். அந்தக் காலத்தில் அரச குடும்பத்தைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால் பிரிட்டன் முழுக்க டியூக்குகள் முப்பது பேருக்கும் குறைவு, அதில் பலர் வயதானவர்கள். எங்கள் விடுதி அலமாரியில் மட்டும் நாற்பது டியூக்குகள் இருந்தார்கள், எல்லாரும் முப்பது வயது, எல்லாருக்கும் அப்பா கொடுமைக்காரர், எல்லாரும் கல்யாணமே வேண்டாம் என்று சத்தியம் செய்தவர்கள். பனி கொட்டி வழி அடைபட்டுச் சத்திரத்தில் ஒரே ஒரு அறைதான் மிச்சம் இருக்கும். ஊரில் உள்ள அத்தனை பெண்களையும் ஏமாற்றித் திரிந்தவன் ஒரு நல்ல பெண்ணின் கை பட்டதும் திருந்திவிடுவான். இந்தத் திருந்துகிற கதையை நான் ஒதுக்கிவிடுவேன். அவனைத் திருத்துவது அவள் வேலை என்று இருபது வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிற கதை எந்த மொழியில் வந்தாலும் எனக்கு வேண்டாம், அப்படி நம்பிக் கழுத்தை நீட்டிய இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும்.

ஆனால் அந்த அலமாரியில் ஒரு ரகம் இருந்தது, அதற்காக நான் மற்ற எல்லாவற்றையும் மன்னிப்பேன். கல்யாணம் முதலிலேயே முடிந்துவிடும். கடன், சொத்து, ஊர்ப்பேச்சு, ஏதோ ஒரு காரணத்தால் முன்பின் தெரியாத இரண்டு பேர் கட்டிக்கொள்கிறார்கள், கதை அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். நம் சரித்திர நாவல்கள் பெரும்பாலும் மாலை மாற்றியதோடு முடிந்துவிடும், இவை மாலையைக் கழற்றி வைத்த மறுநாள் காலையில் தொடங்கும். இதில் ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1870-லும் 1882-லும் தனிச் சட்டங்கள் வரும்வரை, கல்யாணமான பெண்ணின் கையில் இருக்கிற பணமும் அவள் சம்பாத்தியமும் புருஷனுக்குத்தான் போகும். அப்படி எல்லாமே தன் கையில் இருக்கிற ஒருத்தன், அவள் தேநீரில் சர்க்கரை போடுவதில்லை என்பதைக் கவனித்து, மறுநாள் கிண்ணியை அவள் பக்கமிருந்து நகர்த்தி வைக்கிறான் என்று எழுதியிருக்கும் ஒரு கதையைப் படித்துவிட்டு, அன்றைக்கு வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வேலையே ஓடவில்லை எனக்கு. அந்தப் புத்தகத்தின் அட்டைகூடக் கிழிந்துபோயிருந்தது.

ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் கதை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அரை மணி நேரம், அப்புறம் கல்யாணத்தன்றுதான் அம்மா அப்பாவைப் பார்த்தாள். தை மாதம் கல்யாணம். நிலக்கோட்டை வெயிலில் வளர்ந்தவள் பூம்பாறைக் குளிரில் வந்து இறங்கினாள், முதல் வாரமே உதடும் விரல் நுனியும் வெடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்க வேண்டும், பாட்டிலை எடுத்தால் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்து கிடக்கிறது. சமவெளியில் பிறந்தவளுக்கு அது புதுசு. குச்சியை விட்டுக் குத்தி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள், கை மரத்ததுதான் மிச்சம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எண்ணெய் வைக்காமலே குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அவர் பேசுகிற ஆளும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா எழுந்து வரும்போது அடுப்பங்கல் ஓரத்தில், தணல் நேராகப் படாத இடத்தில், ஒரு பித்தளைச் சொம்பு வெந்நீருக்குள் எண்ணெய்ப் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. உருகித் தெளிவாக, கை பொறுக்கிற சூட்டில். அதற்கப்புறம் நாற்பத்து மூன்று வருடம் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சொம்பு அங்கே இருந்தது. கேரட் லோடு ஏற்ற மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டிய நாளிலும் வைத்துவிட்டுத்தான் போவார். அப்பா ஒரு நாவல்கூடப் படித்ததில்லை. நான் எந்தக் கதாநாயகனைப் படித்தாலும், இவன் எண்ணெய் உருக்குவானா என்றுதான் உள்ளுக்குள் ஒரு கேள்வி ஓடும். அதிலேயே முக்கால்வாசிப் பேர் தேறமாட்டார்கள்.

காதலே வேண்டாத ஒரு சரித்திர நாவலும் எனக்கு வேண்டும், இதையும் சொல்லிவிடுகிறேன். பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது விருப்பாட்சி, பஞ்சாமிர்த மலைவாழைக்குப் பேர்போன ஊர். 1772-இல் காளையார்கோயிலில் கணவர் கொல்லப்பட்ட பிறகு வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர் அந்தப் பாளையத்துக் கோபால நாயக்கர். 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். கோபால நாயக்கரை 1801-இல் வெள்ளைக்காரர்கள் தூக்கில் போட்டார்கள். எட்டு வருடம், கணவனை இழந்த ஒரு ராணியையும் அவள் மகளையும் மரியாதையாக வைத்துக் காப்பாற்றிய ஒரு மனிதர். நம் நாவல் வழக்கப்படி ஒருத்தியை ஒருத்தன் காப்பாற்றினால் நாலாவது அத்தியாயத்தில் காதல் வந்தாக வேண்டும். இந்த எட்டு வருடத்தில் அப்படி எதுவும் வராமல், அவள் வீட்டுக்கு என்ன அரிசி போனது, எந்தச் செய்தி எந்த வழியாக வந்தது, ராத்திரி நாய் குரைத்தால் யார் எழுந்து பார்த்தார்கள் என்று ஒருத்தர் எழுதிக் கொடுத்தால் நான் இரண்டு பிரதி வாங்குவேன்.

கடைசியாகப் பேகன். எங்கள் மலைக்குச் சொந்தக்காரன் என்றே சொல்லலாம், ஆவியர் கோமான், பழனியைச் சுற்றிய மலைநாடு அவனுடையது. மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம், அத்தோடு விட்டுவிடுகிறோம். விடுதி வேலையை விட்ட பிறகு, உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த அந்தப் புறநானூற்றை உரையோடு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். 143-லிருந்து 147 வரை ஐந்து பாட்டு. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள். ஐந்து பாட்டும் ஒரே விஷயத்துக்காக. பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொரு பெண்ணின் ஊரே கதியென்று இருக்கிறான் (இவள் சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று). பரணர் போய் ஒரு வீட்டு வாசலில் பாடுகிறார், ஒரு பெண் நிற்க முடியாமல் அழுகிறாள். நீ பேகனுக்கு உறவா அம்மா என்று கேட்கிறார். அவள் விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் அவருக்கு உறவில்லை, என்னைப் போல இன்னொருத்தியின் அழகை விரும்பி முல்லைவேலி நல்லூருக்குத் தினமும் அவர் தேர் போகிறதாம் என்கிறாள். இந்த ஒரு பதிலை இரண்டாயிரம் பக்கத் தொடரில்கூட எனக்கு யாரும் எழுதிக் காட்டவில்லை.

அப்புறம் பரணர் பேகனிடமே போகிறார். மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்தவனே, நாங்கள் பசித்து வரவில்லை, எங்களை நம்பிக் காப்பாற்ற வேண்டிய சுமையும் இல்லை, எங்களுக்குப் பரிசில் என்று நீ ஏதாவது தருவதாக இருந்தால் இன்று ராத்திரியே தேரில் ஏறிப் போய் அவள் துயரத்தைத் தீர்த்துவிடு, அதுதான் நாங்கள் கேட்பது என்கிறார். இதே பரணர்தான் வேறொரு பாட்டில், மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தவன் என்று அவனைப் புகழ்ந்தவர். அதே வாயால் அவனைக் கேட்கிறார். நான் படித்த அத்தனை சரித்திர நாவல்களின் கதாநாயகனும் எனக்கு அந்த இடத்தில் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஊருக்கே தெரிகிற மாதிரி ராஜ்யத்தைத் துறப்பார்கள், கோட்டையை எரிப்பார்கள், தோகை விரித்த மயிலுக்குப் பட்டுப் போர்வை கொடுப்பார்கள். வீட்டுக்குள் ஒருத்தி குளிரில் உட்கார்ந்திருப்பாள்.

பெருங்குன்றூர்கிழார் பாடுவதுதான் இந்த ஐந்தில் கடைசி. கண்ணகி தனியாக இருந்து மழைநீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கூந்தல் நெய்யைத் தொட்டு நாளாகிவிட்டது. அந்தக் கூந்தலைக் கழுவித் துடைத்த நீலமணி மாதிரி அழுக்குப் போகக் கழுவி, அவள் புதுப்பூ வைத்துக்கொள்ளும்படி நீ இன்றைக்குக் கிளம்பிப் போனால் அதுவே என் பரிசில் என்கிறார் புலவர். யானையையும் பொன்னையும் கேட்டு வாங்கிப் பழகிய ஒரு புலவர் மலையேறி வந்து, ஒரு பெண் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்று கேட்கிறார்.

பேகன் போனானா இல்லையா என்று எந்தப் பாட்டிலும் இல்லை.

போன மார்கழியில் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். அப்பா போய் ஆறு வருடமாகிறது. அடுப்படியில் உட்கார்ந்து விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தாள், கண் சரியாகத் தெரியாது, கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்யும். முல்லைவேலி நல்லூர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பரணர் தேரில் ஏறச் சொன்னபோதும் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் இடம் வந்ததும் கை நின்றது.

"திரும்பப் படி, அந்த மழைத்தண்ணி சொட்டுற இடத்துலேருந்து."

படித்தேன்.

"நெய்யின்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா. தலைக்கு வைக்கிற எண்ணெயைத்தான் அப்படிச் சொல்றது."

அம்மா அடுப்பங்கல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அன்றைக்கு வியாழக்கிழமை, அங்கே சொம்பு இல்லை.

"எதுவா இருந்தா என்ன, இந்த மலைக் குளிருக்குக் கல்லா உறைஞ்சிருக்கும்ல தாயி," என்றாள். "அவளுக்கு யாரு உருக்கிக் குடுத்தா?"